வீட்டுக்காரர் பெயர் காலியாக இருக்கக் கூடாது

6 ஜூலை 1992, திங்கள்

காலையிலேயே சாரல். குடை வீட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நனைந்து, பஸ்ஸில் மேல்காற்றில் காய்ந்து, ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி வாசலில் மறுபடியும் நனைந்து. நாள் முழுக்கத் தும்மல்.

மேனேஜர் (இனி மே.) கேட்கிறார்: மெட்ராஸ் கம்பெனி பேக்கேஜின் புது வெர்ஷனில் என்ன வசதி, என்ன குறை, முதலாளிக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு. கம்பெனிக்கு நான் ஒருத்திதான் புரோகிராமர். புரோகிராம் எழுதுவதும் நான், அதற்குத் திட்டு வாங்குவதும் நான்.

புது வசதிகள். மெட்ராஸ்காரர்கள் வழவழ தாளில் அச்சடித்தது.

- திரையை நாமே வரையலாம். கட்டம் போட்டு, பக்கத்தில் பெயர் எழுதினால் போதும். முன்பு இதற்கே முதுகு ஒடியும்.

- கலர். நம் மானிட்டர் பச்சை மட்டும்தான்.

- கட்டாயக் கட்டம். கட்டாயம் என்று குறித்த கட்டத்தை நிரப்பாமல் மிஷின் அடுத்ததற்கு விடாது. எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டு வாசலிலும் ஒன்று வைக்கலாம், சொன்ன சாமானை வாங்காமல் இவர் உள்ளே வர முடியாதபடி.

- கோத்த ஃபைல். ஆள் விவரம் ஒரு ஃபைல், வருகைப் பதிவு இன்னொரு ஃபைல். ‘கீ’ என்று ஓர் அடையாளம் இரண்டையும் கோத்து வைக்கும்.

கீயாக எதை வைப்பது என்று சித்திரை மாதம் பூராவும் மண்டையை உடைத்துக்கொண்டேன். டோக்கன் நம்பர் ஆகாது. ஆள் நின்றுபோனால் அதே நம்பரை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பெயர் மட்டும் போதாது; பேண்டேஜ் சுருட்டுகிற செக்‌ஷனில் எங்கே திரும்பினாலும் மாரியம்மாள், பேச்சியம்மாள். ஊரில் எப்படிப் பிரித்துச் சொல்வார்கள்? இன்னார் பெஞ்சாதி என்றுதானே. அதையே செய்தேன். பெயரும் வீட்டுக்காரர் பெயரும் சேர்ந்தது கீ. வீட்டுக்காரர் பெயர் கட்டாயக் கட்டம். அன்று என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

தெரிந்த குறைகள். புத்தகத்தின் கடைசியில் ஸ்டேப்ளர் அடித்த மங்கல் ஜெராக்ஸ். தெரிந்தும் அனுப்பியிருக்கிறார்கள், நல்ல மனசு. பிரிண்டரில் தாள் தீர்ந்தால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி அடிக்குமாம். ஃப்ளாப்பி நிறைந்தால் சொல்லாமல் நின்றுவிடுமாம். மீதியை அப்புறம் படிக்கலாம். கண் எரிகிறது.

பெண்களுக்கு இன்சூரன்ஸ் கார்டு வந்துவிட்டது. நம் மிஷின் அடித்த லிஸ்டைப் பார்த்து டைப் செய்தவை. இன்று ஆபரேட்டர் ஸ்டெல்லா எல்லாருக்கும் கொடுத்தாள்.

7 ஜூலை, செவ்வாய்

ப்ளீச்சிங் வாடை இன்று அதிகம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அதே வாடை.

டீ நேரத்தில் சுருட்டுகிற செக்‌ஷன் பேச்சியம்மாள் வந்தார். நம் ஊர்தான், மடவார் வளாகம் பக்கம். ஒரே பஸ்ஸில் வருவோம், பேசியதில்லை. கார்டை மேஜையில் வைத்தார்.

“இதக் கொண்டுக்கிட்டுத்தாம்மா காலையில டிஸ்பென்சரிக்குப் போனோம். அவியளுக்கு வயித்து வலி, சுருண்டு சுருண்டு படுக்காக. கார்டுல இருக்க ஆளு இவரில்ல, போங்கன்னு அனுப்பிட்டாக. மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கணும்னா கார்டு சரியா இருக்கணுமாம்.”

கார்டில் கணவர் பெயர் முருகன்.

“உங்க வீட்டுக்காரர் பேரு முருகன் இல்லையா?”

“இல்லம்மா.”

“பின்ன என்ன?”

சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அந்த வயதில் அந்த வெட்கம்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். தூத்துக்குடிக்காரி, இங்கே ஹாஸ்டலில். விவரம் எல்லாம் அடித்தது அவள்தான். நல்ல வேகம், வாயும் அதே வேகம்.

“நான் என்ன செய்ய மேடம். பேரக் கேட்டா, மலை மேல நிக்காகள்ல, அவிய பேருன்னு சொன்னாக. மலை மேல முருகன் தானே? கட்டத்தக் காலியா விட்டா மிஷின் கீக்குனு கத்துது.”

தலையில் கை வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்க்காரிக்கு மலை என்றால் பக்கத்துக் குன்றில் நிற்கிற பெருமாள்; அந்தக் குன்றுக்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர். புரட்டாசிச் சனிக்கிழமை ஊரே அங்கேதான். ஸ்டெல்லாவுக்கு அது எப்படித் தெரியும்.

ஆனால் பெருமாள் என்றால் எந்தப் பெயர்? வெங்கடாசலமா, ஏழுமலையா, திருமலையா?

“நாளைக்கு ரேஷன் கார்டக் கொண்டு வாரேம்மா. அதுல இருக்கு.”

நாளைக்குக் காலை கரண்ட் கிடையாது என்று போர்டில் எழுதியிருந்தார்கள். போதாததற்கு மே. வாசலில் நின்று இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். எனக்குத் தும்மல், தலைவலி.

“இப்பவே சொல்லுங்கக்கா. சொன்னா சாமி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது. உங்க நல்லதுக்குத்தானே.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னார். சீனிவாசன்.

திரும்பியபோது முகம் வேறு மாதிரி. “சொல்ல வச்சிட்டியளே,” என்றார். கோபமாக இல்லை. கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

8 ஜூலை, புதன்

மத்தியானம்தான் கரண்ட் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபைலை இன்னொரு ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து, அதில் முருகனைச் சீனிவாசன் ஆக்கினேன். மிஷின் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. வருகைப் பதிவைத் திறந்தால் இந்தப் பேச்சியம்மாள் என்கிற ஆளே இல்லை. இத்தனை வருஷம் வந்து சுருட்டியது அத்தனையும் போயிருந்தது. ஆள் விவர ஃபைலில் சேர்ந்த தேதி என்ற இடத்தில் இன்றைய தேதி.

ஜெராக்ஸ் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். ஏழாவது குறை: கீயாக வைத்த விவரத்தைத் திருத்தினால் அதோடு கோத்த பதிவுகள் அழிந்துவிடும். இதை முதல் பக்கத்தில் பெரிதாகப் போடக் கூடாதா. திங்கட்கிழமையே நான் கடைசி வரை படித்திருக்கக் கூடாதா. சித்திரையிலேயே படித்திருக்க வேண்டும்.

தீபாவளிக்குச் சிலரை நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள். வருகைப் பதிவைப் பார்த்துத்தான். பேச்சியம்மாள் பெயர் அந்த வரிசையில் இருக்கிறது.

ஆக, கார்டைத் திருத்தினால் வேலை போகும். வேலையைக் காப்பாற்றினால் கார்டு முருகன் பெயரில்தான்.

நல்லவேளை, காப்பி எடுத்தேன்.

9 ஜூலை, வியாழன்

எஸ்.டி.டி. பூத்தில் வரிசை. எனக்கு முன்னால் ஒருவர் கோயம்புத்தூரில் யாரிடமோ பஞ்சு விலைக்காக அழாத குறை.

போனை எடுத்த மெட்ராஸ் பையன் நல்ல மரியாதை.

“அது தெரிஞ்ச குறைதான் மேடம்.”

“தெரிஞ்சா சரி பண்ண வேண்டியதுதானே?”

“அடுத்த வெர்ஷன்ல வந்துரும் மேடம்.”

“எப்ப வரும்?”

“அதான் மேடம் தெரியல.”

மே. ரூமுக்குப் போனேன். போனில் தம்பியோடு தெலுங்கில் ஏதோ சண்டை. “சரே, சரே” என்று வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டது இதுதான்: கார்டைக் கையால் திருத்தி, கம்பெனி சீல் போட்டு, ஒரு கடிதம் கொடுங்கள்.

“லிஸ்டுல ஒண்ணு, கடிதத்துல ஒண்ணுன்னு போனா நாளைக்கு இன்ஸ்பெக்டர் எல்லா கார்டையும் கேப்பான். கம்ப்யூட்டர்ல என்ன இருக்கோ அதுதான்மா. நீதான சொன்ன, இனிமே தப்பே வராதுன்னு.”

சொன்னேன்தான்.

“அப்ப பதிவைக் கையால திரும்ப அடிக்கணும் சார். மிஷின் எங்களுக்கு முழுசா வேணும்.”

“ஏற்றுமதிப் பேக்கிங் ஸ்லிப்பு அடிக்கிற வாரத்துலயா? ஒரு பொம்பளைக்காகவா?” கொஞ்சம் யோசித்தார். “அந்த ஆளு பேர முருகன்னு மாத்திக்கிடச் சொல்லேன். வக்கீலப் பிடிச்சா ஆயிரும்.”

விளையாட்டாகத்தான் சொன்னார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் இல்லை.

10 ஜூலை, வெள்ளி

பஸ்ஸில் பேச்சியம்மாளைக் காணோம். லீவாம். வீட்டுக்காரரை ஊர் டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, கொஞ்சம் தேவலை என்று இன்னொரு பெண் சொன்னார்.

வேலை ஓடவில்லை. பேக்கிங் ஸ்லிப்பு தப்பாக அடித்தது, தாள் தீர்ந்து முதல் பக்கத்திலிருந்து மறுபடி. குறை நம்பர் ஒன்று.

வீட்டில் இவரிடம் சொன்னேன். “பேரச் சொல்றதுல என்ன இருக்கு, இந்தக் காலத்துல,” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பி.எஸ்ஸி. கணக்கு, அதன் மேல் கம்ப்யூட்டர் டிப்ளமோ. ஆனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து இவரை ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டது உண்டா. இந்த டைரியில் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் ‘இவர்’. யாரும் படிக்காத டைரி. இப்போது எழுதிப் பார்க்கலாம் என்று பேனாவை வைத்தேன், வரவில்லை. சொன்னால் ஏதாவது ஆகிவிடும் என்றெல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் வரவில்லை.

பேச்சியம்மாளை மட்டும் சொல்ல வைத்தேன்.

11 ஜூலை, சனி

வெயில். துணி காய்ந்தது.

ஒரு முருகன் தப்பு என்றால் மற்றவை? ஸ்டெல்லாவும் நானும் லிஸ்டை எடுத்துக்கொண்டு செக்‌ஷனுக்கே போனோம். பேரைக் கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள், வாயில் முந்தானை.

கடைசியில் ஸ்டெல்லாதான் வழி கண்டுபிடித்தாள். அவரவர் புருஷன் பெயரைத்தானே சொல்லக் கூடாது, அடுத்தவள் புருஷன் பெயரைச் சொல்லலாமே. இரண்டிரண்டு பேராக நிற்க வைத்தாள். அதற்கப்புறம் செக்‌ஷனே கல்யாண வீடு.

“ஏட்டி, எங்க வீட்டுக்காரவுக பேரச் சொல்லுட்டி.”

“ஒங்க வீட்டுக்காரவுக தவசி. தண்ணி போட்டா சிங்கம்.”

“சிங்கம்னு போட்றாதீக கம்ப்யூட்டரம்மா.”

‘மாசி மாசம்’ என்று ஒருவர் குறிப்புச் சொன்னதற்கு ஸ்டெல்லா மாசி என்றே அடித்திருக்கிறாள். ஆள் பெயர் மாசானம். ‘நம்ம லாரி டிரைவர் பேரு’ என்றதற்கு வேறு டிரைவர். ‘சேவல் கூவுறதுக்கு முன்ன மூணு தடவ மறுதலிச்சவரு’ என்று அன்னம்மாள் சொன்னது மட்டும் முதலிலேயே சரி. பேதுரு. “அதெல்லாம் நமக்கு அத்துப்படி மேடம்,” என்றாள் ஸ்டெல்லா.

நானும் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தேன். இந்த வழி செவ்வாய்க்கிழமை தோன்றியிருந்தால் பேச்சியம்மாளைப் பக்கத்தில் இருந்த யாரையாவது கூட்டி வரச் சொல்லியிருக்கலாம். ரேஷன் கார்டுக்கு ஒரு நாள் பொறுத்திருக்கலாம். அன்று அந்தப் பெயரை வாங்கி நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் முடியாது. அதுதான் உறுத்துகிறது.

மே.யிடம் மறுபடி போனேன். இத்தனை தப்பு என்று லிஸ்டைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. இன்ஸ்பெக்டர் பயம். திங்கட்கிழமை மிஷினை எடுத்துக்கொள் என்றார். ஒரு பொம்பளைக்காக இல்லாதது செக்‌ஷன் முழுக்கத் தப்பு என்றதும் கிடைத்துவிட்டது.

13 ஜூலை, திங்கள்

வழி: பழைய பதிவை எல்லாம் தாளில் அடித்துக்கொள்வது. சரியான பெயரில் புது ஆளாகச் சேர்ப்பது. தாளைப் பார்த்து வருகையைத் திரும்ப அடிப்பது. பழைய ஆளை எடுப்பது. முட்டாள்தனமான வழி, ஆனால் வேலை நடக்கிறது.

முதலில் பேச்சியம்மாள். நான் வாசிக்க, ஸ்டெல்லா அடிக்க. மாதம் மாதமாக. ஆஜர், ஆஜர், ஆஜர். லீவு அபூர்வம். இந்த ஊர்ப் பெண்கள் காய்ச்சலோடு வந்து சுருட்டுகிறார்கள் என்பது லிஸ்டிலேயே தெரிகிறது. நடுவில் கரண்ட் ஒரு தடவை போய், அடித்ததில் பாதியை மறுபடி அடித்தோம்.

சாயங்காலம் புது லிஸ்டும் கடிதமும் அடித்து, மே. கையெழுத்து, சீல். பேச்சியம்மாள் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, செக்‌ஷன் வாசலில் காத்திருந்தார். கையில் கொடுத்தேன். “நாளைக்கே போறோம்மா,” என்றார். கும்பிட்டார். எனக்குக் கூச்சம்.

கழுத்து வலி. இவர் தைலம் தேய்த்துவிட்டார்.

15 ஜூலை, புதன்

பஸ்ஸில் நல்ல கூட்டம், நின்றுகொண்டே வந்தேன். பேச்சியம்மாள் வீட்டுக்காரரை மதுரைக்கு அனுப்பிவிட்டார்களாம். நாளை ஆபரேஷன். அப்பாடா என்று இருந்தது.

முதலாளிக்கு எழுத வேண்டிய ஒரு பக்கம் இன்னும் எழுதவில்லை. வசதிகள் எழுதிவிட்டேன். குறைகள் என்று தலைப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மற்ற பெண்களின் பதிவு: அடித்துக்கொண்டே இருக்கிறோம்.

20 ஜூலை, திங்கள்

மேல்காற்று ஓயவில்லை. வாசலில் நுழையும்போதே ஸ்டெல்லா நின்றிருந்தாள். அழுதிருந்தாள்.

பேச்சியம்மாள் வீட்டுக்காரர் சனிக்கிழமை போய்விட்டாராம். ஆபரேஷன் செய்தார்கள், குடலில் புண் ஓட்டையாகி உள்ளே எல்லாம் பரவியிருந்ததாம். நேற்று ஊரில் எடுத்துவிட்டார்கள். ஒரே ஊரில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. நேற்று நான் வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் முருகன்னு போட்டதுனாலயா மேடம்?”

“இல்ல ஸ்டெல்லா.”

செக்‌ஷனில் நான் தாண்டிப் போனபின் பேசினார்கள். காதில் விழுந்தது இரண்டு.

“கம்ப்யூட்டருக்குப் பேரச் சொன்னாள்ல. அதான்.”

“நாலு நாள் முன்னால வந்திருந்தா பொழச்சிருப்பாகன்னு டாக்டர் சொன்னாராம்.”

முதலாவதை நான் நம்பவில்லை. இரண்டாவதை எப்படி நம்பாமல் இருப்பது. மலை மேல் எந்தச் சாமி நிற்கிறது என்று தெரியாத ஸ்டெல்லா மேல் தப்பில்லை. பெயர் சொல்லாத பேச்சியம்மாள் மேல் தப்பில்லை. காலியாக விடாதே என்று மிஷினுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். பழைய வெர்ஷனில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. காலியாக இருந்திருந்தால் டிஸ்பென்சரியிலேயே கேட்டு எழுதியிருப்பார்கள். இவரிடம் சொல்லவில்லை.

21 ஜூலை, செவ்வாய்

துக்கம் கேட்கப் போனேன். சிறிய வீடு, வாசலில் நாற்காலிகள். பேச்சியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டினாலாவது தேவலை என்று இருந்தது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தேன்.

23 ஜூலை, வியாழன்

முதலாளிக்கான பக்கத்தை எழுதி முடித்தேன். குறைகள் பகுதியில் மெட்ராஸ்காரர்கள் போட்டவை எல்லாம். அதன் கீழே நான் சேர்த்தது: கட்டாயக் கட்டத்தை நிரப்ப ஆட்கள் தெரியாததையும் நிரப்புவார்கள்; மிஷின் அதைச் சரி என்று எடுத்துக்கொள்ளும்.

மே. படித்துவிட்டு, “இது பேக்கேஜோட குறை இல்லையேம்மா,” என்றார். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு முதலாளிக்கு அனுப்பினார்.

3 ஆகஸ்ட், திங்கள்

ஆடிப்பூரக் கூட்டம், பஸ்கள் எல்லாம் தாமதம். தாயில்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம் என் மடியில் குழந்தையை உட்கார வைத்துவிட்டது.

பேச்சியம்மாள் இன்று வேலைக்கு வந்துவிட்டார். வெறும் நெற்றி. டீ நேரத்தில் மே. அவரை என்னிடம் அனுப்பியிருந்தார். காலையிலேயே என்னிடம் சொன்னதுதான்: “வீட்டுக்காரர் போயிட்டாருல்ல, கம்ப்யூட்டர்ல எடுத்துரு. கார்டுலயும் எடுக்கணும்.”

ஸ்டெல்லா திரையில் கொண்டுவந்தாள். பேச்சியம்மாள் எங்கள் பின்னால் நின்றார்.

“கோடு போட்டுருவோமா மேடம்? காலியா விட்டாத்தானே கத்தும்.”

கோடு போட்டாலும் திருத்தம் திருத்தம்தான். அத்தனை ஆஜரும் மறுபடி போகும். அதைப் பேச்சியம்மாளுக்குச் சொன்னேன். அந்த இடத்தைக் காலியாக வைக்க மிஷின் விடாது, மாற்றவும் விடாது, மாற்ற வேண்டும் என்றால் முன்போல எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டும், அடிக்கிறோம், இரண்டு நாள் ஆகும் என்று.

கேட்டுக்கொண்டார். புரிந்ததா என்று தெரியவில்லை.

“எடுக்கலேன்னா என்னம்மா ஆகும்?”

“ஒண்ணும் ஆகாதுக்கா. அது பாட்டுக்கு இருக்கும்.”

“நான் இங்க வேல பாக்குற மட்டும் இருக்குமா?”

“இருக்கும்.”

“எதுல இருக்கு, காட்டுங்க.”

இங்கிலீஷ் எழுத்து, அவருக்குப் படிக்கத் தெரியாது. பச்சை வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

“எடுக்க வேண்டாம்மா. அவிய இருக்கட்டும்.”

மே.யிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். பேச்சியம்மாள் போகவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இனிமே சொன்னா ஒண்ணுமில்லல்லா,” என்றார்.

பிறகு சொன்னார், சீனிவாசன் என்று. சாதாரணக் குரலில், திரையைப் பார்த்து. கம்பெனிச் சங்கு ஊதியது, சுருட்டப் போனார்.